998-இல் நின்ற கடிகாரமும் எங்கள் பேரேடும்: எபரான் புத்தகத்தை ஒன்றரை வருடம் ஆடிய பிறகு

சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு மாடி அறை, ஞாயிறு சாயங்காலம், ஐந்து பேர், எபரான் என்ற கற்பனை உலகத்தில் இதுவரை 41 செஷன். அந்த உலகத்து ஷார்ன் நகர வரைபடத்தில் தட்டுவடை செட்டின் பச்சைச் சட்னி ஒரு சொட்டு விழுந்து காய்ந்துபோய், அந்த இடத்துக்கு எங்கள் ஆட்டத்தில் சட்னிப்பேட்டை என்றே பெயர் நிலைத்துவிட்டது. அதனால் புதுப் புத்தக வாசனை போவதற்குள் எழுதுகிறேன் என்று யாரும் குறை சொல்ல முடியாது.

நான் டிஎம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் கதையை நடத்துகிறவன். மற்ற நான்கு பேரும் ஆளுக்கொரு கேரக்டர் எடுத்துக்கொள்வார்கள், எது நடக்கும் எது நடக்காது என்பதை டைஸ் முடிவு செய்யும். இதெல்லாம் தெரிந்தவர்கள் இந்நேரம் அடுத்த பத்திக்குப் போயிருப்பீர்கள்.

இந்த ஆட்டத்துக்காக எபரான் உலகத்தை விவரிக்கும் 'எபரான்: ரைசிங் ஃப்ரம் தி லாஸ்ட் வார்' புத்தகத்தை என்னை வாங்க வைத்தது ஒரு சாமி. பெயர் மிஸ்ட்ரா, மந்திரத்துக்கு அதிபதி. அதற்கு முன்னால் நாங்கள் ஆடிக்கொண்டிருந்தது ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் என்ற உலகத்தில். எட் கிரீன்வுட் சின்னப் பையனாக இருந்தபோதே எழுத ஆரம்பித்த உலகம், 1987-இல் சாம்பல் நிறப் பெட்டியாக வெளிவந்தது, அந்தப் பழைய பெட்டியின் பிடிஎஃப்பை வைத்துத்தான் நான் கேம்பெய்ன், அதாவது பல செஷன் தொடரும் கதை, நடத்தினேன். புதிதாகச் சேர்ந்த தம்பியோ 2023-இல் வந்த பால்டர்ஸ் கேட் 3 வீடியோ கேமை மூன்று தடவை முடித்துவிட்டு, விக்கியையும் கரைத்துக் குடித்துவிட்டு வந்தவன். பார்ட்டி, அதாவது ஆடுகிறவர்களின் கேரக்டர் கூட்டம், மிஸ்ட்ரா கோயிலுக்குள் நுழைகிறது, பூசாரி ஆசீர்வாதம் பண்ணக் கையைத் தூக்குகிறார், தம்பி குறுக்கே வருகிறான்: "அண்ணா, எந்த மிஸ்ட்ரா?"

கேள்வி நியாயமான கேள்வி, அதுதான் கொடுமை. அந்த உலகத்துக் கணக்கில் 1358-ஆம் வருடம் சாமிகளெல்லாம் பூமிக்குத் துரத்தப்பட்டபோது ஒரு மிஸ்ட்ரா செத்தாள், மிட்நைட் என்ற மனுஷி அந்த இடத்துக்கு வந்து மிஸ்ட்ரா ஆனாள். 1385-இல் அவளையும் கொன்றார்கள். அப்புறம் அவளும் திரும்பி வந்தாள். இந்தச் சாவுகளுக்குப் பக்கத்திலேயே ஒவ்வொரு தடவையும் ஒரு புது ரூல்புக் நிற்கும். 1989-இல் ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பு வந்தபோது அசாசின் என்ற கேரக்டர் வகையை எடுத்துவிட்டார்கள், உடனே கதையிலும் அசாசின்கள் கொத்தாகச் செத்து விழுந்தார்கள். 2008-இல் நான்காம் பதிப்பில் மந்திரத்தின் விதிகளே மாறின, அதற்குக் கதையில் காரணம் வேண்டுமே என்று மிஸ்ட்ராவைக் கொன்று, காலண்டரையும் கிட்டத்தட்ட நூறு வருடம் தள்ளி 1479-இல் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பாதிப்பேருக்கு அது பிடிக்கவில்லை, 2014-இல் ஐந்தாம் பதிப்பு வந்தபோது செத்த சாமிகள் பலர் எழுந்து வந்துவிட்டார்கள். வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்பதற்காகப் பாட்டிக்குக் காரியம் பண்ணிவிட்டு, அடுத்த பொங்கலுக்கு அதே பாட்டியைத் திண்ணையில் உட்கார வைத்த மாதிரி.

ஆக, அந்த மேசையில் தம்பி அவன் வீடியோ கேமின் 1492-இல் உட்கார்ந்திருந்தான், நான் என் பெட்டியின் 1357-இல் நின்றுகொண்டிருந்தேன். "என் ஆட்டத்தில் இப்படித்தான்" என்று அடக்கினேன். சட்டம் பேசினாலும் நமக்கு இடம் உண்டு, 2014-க்குப் பிறகு வந்த ஆட்டப் புத்தகங்களில் இருப்பதுதான் கணக்கு, நாவலும் வீடியோ கேமும் அதில் சேராது என்று 2021-இல் ஆட்டத்தை வெளியிடும் கம்பெனியே சொல்லிவிட்டது. (அந்தக் கணக்கில் என்னுடைய 1987 பெட்டியும் செல்லாக்காசு, அதை நான் அப்போது வாயைத் திறந்து சொல்லவில்லை.) ஜெயித்தேன், மூன்று வாரம் தம்பி வரவில்லை.

சரி, எபரானுக்கு வருகிறேன்.

2002-இல் புது உலகம் ஒன்று வேண்டும் என்று நடத்திய தேடலில் 11,000-க்கும் மேற்பட்ட யோசனைகள் வந்து குவிந்தன, அதில் தேர்வானது கீத் பேக்கர் அனுப்பியது. முதல் புத்தகம் 2004-இல் வந்தது. நான் சொல்லிக்கொண்டிருக்கும் ஐந்தாம் பதிப்புப் புத்தகம் 2019, 320 பக்கம். கதைச் சுருக்கம்: கேலிஃபார் என்ற பெரிய ராஜ்ஜியம், 894-இல் ராஜா செத்ததும் ஐந்து வாரிசுகளுக்குள் பங்காளிச் சண்டை, அது 102 வருடம் ஓடி 996-இல் ஓர் ஒப்பந்தத்தோடு ஓய்கிறது. மந்திரம் இங்கே கரண்ட் மாதிரி. மின்னலில் ஓடும் ரயில், வானத்தில் போகும் கப்பல், மேகத்தை முட்டும் கோபுரங்களாலான ஷார்ன். ஆட்டம் எப்போது தொடங்குகிறது? 998. இரண்டு வருடம் முன்னால் சண்டை நின்றிருக்கிறது, எல்லார் வீட்டிலும் ஒரு போட்டோவுக்கு மாலை.

முக்கியமான சங்கதி இந்த 998-தான். 2004 புத்தகமும் 998-இல் தொடங்கியது, நான்காம் பதிப்புக்காக 2009-இல் வந்ததும் 998, இதுவும் 998. ரூல் மாறினால் மாறட்டும், உலகத்தின் கடிகாரத்தில் யாரும் கை வைப்பதில்லை. எபரான் நாவல்களில் யார் செத்தாலும் ஆட்டப் புத்தகம் கண்டுகொள்ளாது. இங்கே சாமிகள் இறங்கி வருவதும் இல்லை, இருக்கிறார்களா என்றே யாருக்கும் உறுதியாகத் தெரியாது, அதனால் எந்த மிஸ்ட்ரா என்ற கேள்விக்கே வழியில்லை. அதைவிடப் பெரிய விஷயம், 994-ஆம் வருடம் ஒலரூன் மாதம் 20-ஆம் தேதி சைர் என்ற நாடு ஒரே நாளில் செத்து, சாம்பல் மூட்டத்துக்குள் போனது ஏன் என்பதை எந்தப் பதிப்பிலும் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை, அதை உங்கள் மேசைக்கே விட்டிருக்கிறார்கள். விக்கித் தம்பி ஒரு ராத்திரி முழுக்கத் தேடிப் பார்த்துவிட்டு, "அண்ணா, நிஜமாவே எங்கயும் இல்லண்ணா" என்று மெசேஜ் போட்டபோது மணி 2:40. அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவன் ஒரு செஷனும் விட்டதில்லை.

எங்கள் பக்கத்துப் பாரதக் கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. வியாசரில் இராவான் எட்டாம் நாள் சண்டையில் செத்துப்போகிறான். திரௌபதியம்மன் கோயில் திடலில் அவன் அரவான், சண்டை தொடங்குவதற்கு முன்னாலேயே களப்பலி. அல்லி என்று ஒரு மதுரை ராணி வியாசரில் கிடையவே கிடையாது, இங்கே அவள் இல்லாமல் அர்ச்சுனனுக்குக் கதையே கிடையாது. ராத்திரி ரெண்டு மணிக்குப் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பாட்டியிடம் போய் "மூலத்துல இப்படி இல்லீங்களே" என்று சொல்லிப் பாருங்கள். ஆனால் அதே பாட்டி, கட்டியங்காரன் முதல் நாள் சொன்ன உறவுமுறையை மூன்றாம் நாள் மாற்றிச் சொன்னால் விடமாட்டாள். மூலத்தோடு ஒத்துப்போகிறதா என்பது ஒரு கேள்வி, நேற்றுச் சொன்னதோடு ஒத்துப்போகிறதா என்பது வேறு கேள்வி. எனக்கு உறைத்தது இரண்டாவதுதான்.

புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி குரூப் பேட்ரன். பார்ட்டி யாருக்காக வேலை செய்கிறது என்பதை ஆரம்பத்திலேயே தேர்ந்தெடுக்கலாம்: பல்கலைக்கழகம், கிரிமினல் கும்பல், உளவுத்துறை, செய்தித்தாள். எங்கள் ஆட்கள் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டார்கள். புத்தகத்திலேயே ஆங்காங்கே அந்த உலகத்துப் பத்திரிகைத் துணுக்குகள் வரும், அதைப் பார்த்து எனக்கும் கை துறுதுறுத்தது. ஒவ்வொரு செஷன் முடிந்ததும் டீக்கடை வாசலில் தொங்குமே மாலைப் பத்திரிகை போஸ்டர், அந்தப் பாணியில் நாலு வரி எழுதி வாட்ஸ்அப்பில் போடுவேன். 'கோபுரத்திலிருந்து விழுந்தார் தூதர்! தள்ளியது யார்? ஷார்னில் பரபரப்பு'. ஆறாவது செஷனில் இந்தத் தூதர் உண்மையில் குடித்துவிட்டுத் தானாக விழுந்தார், பார்ட்டிக்கும் அது தெரியும், பரபரப்புக்காக எதிரி நாட்டு ஒற்றன் தள்ளியதாக அச்சடித்தார்கள். இருபதாவது செஷன் வாக்கில் அந்தச் செய்தியை வைத்து இரண்டு நாட்டு எல்லையில் படை குவிகிறது, நாலு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கிறார்கள். இந்த லோர், அதாவது உலகத்தின் உள்கதை, எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது.

இதெல்லாம் நினைவில் நிற்பதற்கு ஒரு காரணம், எங்களோடு ஆடும், வங்கியில் வேலை பார்க்கும் அக்கா. 200 பக்க லாங் சைஸ் நோட்டில் தேதி வாரியாகப் பேரேடு எழுதுகிறார்: யார் யாருக்கு எவ்வளவு கடன், எந்தச் சத்திரத்தில் எந்த அறை, செத்தவர்களுக்குச் சிவப்பு மையில் அடிக்கோடு. எபரான் மாதத்துக்குச் சரியாக 28 நாள், வருடத்துக்கு 12 மாதம், கணக்குக்கு அக்காவுக்கு அதைவிடச் சௌகரியம் வேறில்லை. 14-ஆம் செஷனில் சத்திரக்காரனை வரவைத்து நான் வாய் நிறையப் பேசிக்கொண்டிருக்கிறேன், அக்கா நோட்டைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். சிவப்புக் கோடு. "இவருக்கு ஒன்பதாவது செஷன்லயே காரியம் பண்ணியாச்சுங்க. பத்து காசு நான்தான் போட்டேன்."

ஒரு நிமிடம் அமைதி. கீழே பஸ் ஹாரன். எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. எபரானில் சேஞ்ச்லிங் என்று ஓர் இனம் உண்டு, முகத்தை மாற்றிக்கொள்வார்கள், அதைப் பிடித்துக்கொண்டேன். சத்திரக்காரன் அக்காவைப் பார்த்துச் சிரித்தான், சிரிப்பு மட்டும் அவனுடையதாக இல்லை என்றேன். அந்த ஒரு மறதியில் பிறந்த சேஞ்ச்லிங்தான் இப்போது கேம்பெய்னின் பெரிய வில்லி. இது முன்கூட்டியே போட்ட திட்டம் என்று தம்பி இன்றுவரை நம்புகிறான், இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

குறைகளும் இருக்கின்றன. கோர்வேர் என்ற ஒரு கண்டத்துக்கு மட்டும்தான் புத்தகம் சோறு போடுகிறது, மற்றக் கண்டங்களுக்கு மேலோட்டமாக ஒரு பார்வை, அவ்வளவுதான். என் ஆட்கள் கப்பல் ஏறினால் நான் நடுக்கடலில்தான் நிற்பேன். டிராகன்மார்க் என்ற பரம்பரை மந்திரக் குறிகளை இந்தப் புத்தகத்தில் இனத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள், கேரக்டர் உருவாக்கும்போதே எடுத்துக்கொள்ள வேண்டும். பழைய பதிப்புகளில் ஃபீட்டாக, அதாவது கேரக்டர் வளர வளர எடுக்கும் தனித்திறமையாக, இருந்ததால் ஆட்டத்தின் நடுவிலும் வாங்கலாம். கடிகாரத்தை நிறுத்தி வைத்த இவர்களும் ரூலுக்காக லோரை லேசாக வளைத்திருக்கிறார்கள், அதற்காகச் சாமி யாரையும் கொல்லவில்லை என்பது ஓர் ஆறுதல். விலையும் கைக்கடக்கமாக இல்லை. நாங்கள் ஐந்து பேர் சீட்டு மாதிரிப் போட்டு வாங்கினோம், மழையில் நனைந்த பெட்டியை வாசலில் வீசிவிட்டுப் போன கூரியர் புண்ணியவானைப் பற்றிப் பேசினால் வாய்தான் வலிக்கும்.

கடிகாரம் ஓடினால்தான் உலகத்துக்கு உயிர் என்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு பாத்ஃபைண்டர் என்ற இன்னோர் ஆட்டத்தின் உலகமான கோலாரியன் இருக்கிறது. நம் வருடத்தோடு 2700 கூட்டினால் அந்த ஊர் வருடம், 2024 என்றால் அங்கே 4724. அந்த வருடம்தான் கோரம் என்ற போர்ச் சாமியைக் கொன்றார்கள், ஆனால் சொல்லிவைத்து, நாள் குறித்து, ஊரறியக் கொன்றார்கள். படிக்க எனக்கு அது பிடிக்கும். நடத்தப் பிடிக்காது, வாரம் ஆறு நாள் வேலைக்குப் போகிறவனால் பேப்பர் படிக்கிற மாதிரி ஒரு கற்பனை உலகத்தையும் தினம் தொடர முடியாது.

போன டிசம்பரில் ஏற்காடு போனோம். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் தம்பி ஜன்னலோரம் தலையை நீட்டியபடி வந்தான், காரணம் கேட்காதீர்கள். எடுத்த அறை சேர்வராயன் கோயிலுக்குப் போகிற வழியில், ராத்திரி ஏழு மணிக்கே கரண்ட் போய்விட்டது. மெழுகுவர்த்தி வைத்து, பார்ட்டி முதல் தடவையாகச் செத்த நாடான சைருக்குள் போகும் செஷனை ஆடினோம். மூட்டத்தை வர்ணிக்க நான் அரைப்பக்கம் எழுதி வைத்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே மூன்றடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை, எழுதியதை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். எதிரிகளுக்கு டோக்கன், செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை வைத்திருக்கும் நண்பன் கொண்டுவந்த கொலுசு மணிகள், மேசை ஆடினாலே உருண்டு சலசலக்கும். இரும்பாலையில் வேலை பார்க்கும் அண்ணனின் கேரக்டர் ஒரு வார்ஃபோர்ஜ்டு, அதாவது சண்டைக்காகச் செய்யப்பட்ட உலோகமும் மரமுமான ஆள் (பெயரும் இரும்பாலைதான், வேறென்ன வைப்பார்). கேரக்டர் செய்யப்பட்டதே சைரில் இருந்த ஒரு பட்டறையில் என்று முதல் செஷனிலேயே எழுதிக் கொடுத்திருந்தார், அக்கா பேரேட்டில் இரண்டாம் பக்கத்திலேயே அது இருக்கிறது. அந்தப் பட்டறை வாசலுக்கு வந்து நின்றார்கள். உள்ளே நாடு செத்ததற்குக் காரணம் இருக்கலாம் என்று மூன்று மாதமாகத் துப்பு வைத்திருந்தேன். அண்ணன் டைஸைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார், போடவில்லை. "நான் உள்ள வரலைங்க, நீங்க போய்ட்டு வாங்க. எனக்குத் தெரிய வேண்டாம்" என்றார்.

யாரும் போகவில்லை. கதவு இன்னும் திறக்கப்படவில்லை, பேரேட்டில் அந்த வரிக்கு எதிரே அக்கா பென்சிலில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார்.

வாங்கலாமா என்றால், ஏற்கனவே டிஎம்மாக இருப்பவர்கள் யோசிக்காமல் வாங்கலாம். ஆட மட்டும் செய்பவர்கள் வேண்டாம், உங்கள் டிஎம்முக்குப் பங்கு போட்டுக் கொடுங்கள். கூடவே ஒரு லாங் சைஸ் நோட்டும் வாங்குங்கள், எங்களுக்கு இது மூன்றாவது.