34 டொலர் கிராங்க்பெய்ட்: குவின்டேக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

ஒக்ரோபர் நெருங்குகிறது. ஒன்ராறியோ ஏரியின் பெரிய வால்ஐ மீன்கள் சிறுமீன் கூட்டங்களைத் துரத்திக்கொண்டு குவின்டே விரிகுடாவுக்குள் நுழையும் காலம். ரொறொன்ரோப் பக்கத்திலிருந்து 401 நெடுஞ்சாலையைப் பிடித்துக் கிழக்கே ஓடுகிற நம்மவர்கள் பலர் இந்த வாரங்களில்தான் தூண்டில் பெட்டியைத் திறந்து எது இருக்கிறது, எது வேண்டும் என்று பார்ப்பார்கள். "குவின்டே நீருக்கென்றே கையால் வண்ணம் தீட்டியது, பால்சா மரத்தில் செதுக்கியது" என்று சொல்லி யாராவது ஒரு கிராங்க்பெய்ட்டை, அதாவது சிறுமீன் உருவில் செய்த செயற்கை இரையை, 34 டொலருக்கு நீட்டினால் வாங்காதீர்கள். நான் ஆறு வாங்கினேன். ஆறும் குப்பை.

விற்றது வசந்தகாலத்து மீன்பிடிக் கண்காட்சி ஒன்றில். உள்ளே விளக்கெரியும் கண்ணாடிப் பெட்டி. நகைக்கடையைப் போல் கறுப்பு வெல்வெட்டில் ஒவ்வொன்றாக அடுக்கியிருந்தார்கள். ஊதா முதுகு, பொன்னிற வயிறு, செதில் செதிலாக நுணுக்கமான வேலைப்பாடு. விற்றவர் வாய்ச்சாலகர். ஈரி ஏரியில் பரிசடிக்கிறவர்களின் பெட்டியில் இதுதான் இருக்கிறது என்றார். ஈரி ஏரிப் போட்டி என்றதும் எனக்கு நினைவு வந்தது வேறு. 2022 செப்டம்பரில் கிளீவ்லாந்தில் முதலிடம் பெறவிருந்த வால்ஐ மீன்களின் வயிற்றைக் கிழித்தபோது எடை கூட்டத் திணித்த ஈயக் குண்டுகள் வந்து விழுந்தன. பிடித்த இருவரும் பின்னர் சிறைக்குப் போனார்கள். போட்டிக்காரர்கள் எல்லோரும் அப்படி இல்லைதான். ஆனாலும் பரிசு வாங்கியவர் பெயரைச் சொல்லி இரை விற்கும்போது எனக்கு அந்த ஈயக் குண்டுதான் கண்ணில் நிற்கும்.

வால்ஐக்கு நாங்கள் பெரும்பாலும் இரையை வீசிப் பிடிப்பதில்லை. படகை மணிக்கு ஒன்றரை, இரண்டு மைல் வேகத்தில் ஓட்டி, தங்கூசியை நூறு அடிக்கு மேல் பின்னால் விட்டு இழுத்துக்கொண்டு போவோம். இரையின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அகன்ற பிளாஸ்டிக் நாக்குத்தான் அதை ஆழத்துக்கு இறக்குகிறது. ஒரே நீளம் விட்டால் ஒரே ஆழத்தில் நேராக ஓடவேண்டும். அது இல்லையென்றால் மற்றதெல்லாம் வீண்.

நூலை விடுவதற்கு முன் படகின் ஓரமாக ஓடவிட்டுப் பார்ப்பது வழக்கம். முதலாவது இரையைத் தண்ணீரில் வைத்தேன். அங்காடியில் சில்லுப் பழுதான தள்ளுவண்டி ஒரு பக்கமாகவே இழுக்குமே, அப்படி இடப்பக்கம் ஓடியது. வேகத்தைச் சற்றுக் கூட்டியதும் விலாவில் சாய்ந்து, வயிறு தெரிய மேலே வந்துவிட்டது. நல்ல இரையும் சில வேளை கோணும். எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கமாக நூல் கட்டும் கம்பி வளையத்தைக் குறட்டால் ஒரு மயிரிழை வளைத்தால் நேராகிவிடும். இங்கே அந்த வித்தை பலிக்கவில்லை. கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நாக்கையே கோணலாகத்தான் ஒட்டியிருந்தார்கள். மேலே பூசிய பளபளப்புப் பூச்சு ஒரு விலாவில் வழிந்து, தடித்து உறைந்திருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது வளைக்க வளைக்கப் பக்கம் மாறி ஓடியது. நான்கு தூண்டில்களை, நூல்களைப் படகுக்கு இருபுறமும் விலக்கி ஓட்டும் பக்கப் பலகை வைத்து விரித்து இழுக்கும்போது இப்படியொன்று குறுக்கே ஓடினால் மற்ற நூல்களையும் சுற்றி முடிச்சாக்கிவிடும். குளிரில் விறைத்த விரலால் அந்தச் சிக்கை எடுத்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஒன்று மட்டும் ஓரளவு நேராக ஓடியது. அதில் கனமான ஒரு மீன் மாட்டியது. தடி வளைந்து, இரண்டு தரம் தலையை உலுக்கியது கைக்குத் தெரிந்தது, பிறகு ஒன்றுமில்லை. சுற்றி எடுத்துப் பார்த்தால் மும்முள்ளின் ஒரு கிளை நிமிர்ந்து கிடந்தது. வீட்டில் மற்ற முட்களைக் குறட்டால் இழுத்துப் பார்த்தேன். நிமிர்ந்துகொண்டே வந்தன. பத்து இறாத்தல் மீன் சாதாரணமாக வரும் இடத்துக்கென்று விற்ற இரையில் இந்த முள்.

அன்றைக்கு அத்தான் பக்கத்திலிருந்து எட்டு, ஒன்பது டொலருக்குக் கடையில் விற்கும் பாண்டிட், ஃப்ளிக்கர் ஷாட் என்ற இரைகளைப் போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். "உன்னுடையது கண்காட்சிக்குச் செய்தது, மீனுக்குச் செய்தது இல்லை" என்றார். இன்றுவரை எல்லோரிடமும் அதைச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

விற்றவருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். பாவித்த பொருளைத் திருப்பி எடுப்பதில்லை என்று ஒரு வரி பதில். தண்ணீரில் போடாமல் கோணலா நேரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். அதற்குப் பதிலே இல்லை. அதன்பிறகுதான் கத்தியால் ஒன்றைச் சுரண்டினேன். பூச்சு தகடு தகடாகக் கழன்றது. அடியில் மரமே இல்லை. முதுகிலிருந்து வயிறுவரை ஒட்டுக் கோடு ஓடும் கண்ணாடி நிறப் பிளாஸ்டிக். வண்ணமில்லாத இதே மாதிரி உடல்கள் மொத்தமாக வாங்கினால் ஒன்றிரண்டு டொலருக்குக் கிடைக்கின்றன. அப்படி வாங்கி அழகாக வண்ணம் தீட்டி, அதைச் சொல்லியே விற்கும் நேர்மையானவர்கள் இருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்குக் குறையில்லை. பிளாஸ்டிக்கைப் பால்சா என்று விற்றதுதான் மோசடி.

விலை கூடினால் பயனே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு, ஓரளவுக்கு. பின்லாந்தின் லவ்ரி ராப்பாலா 1936இல் தக்கையில் முதல் இரையைச் செதுக்கினார். சாக்லேட் சுற்றும் தாள்தான் மினுக்கம், உருக்கிய புகைப்படச் சுருள்தான் மேற்பூச்சு. பார்வைக்கு அது ஒன்றும் அழகுராணியாக இருந்திருக்காது. காயம்பட்ட சிறுமீனைப் போல் நெளிந்தது, அதனால் மீன் கடித்தது. கூடுதலாகக் கொடுக்கும் காசு அந்த ஓட்டத்துக்கும் உறுதியான முள்ளுக்கும் போனால் சரி. நாலு டொலர் இரையைவிட ஒன்பது டொலர் இரை பெட்டியிலிருந்து எடுத்தவுடனே நேராக ஓடும் வாய்ப்பு அதிகம். அந்த வித்தியாசத்தை நான் மனதாரக் கொடுப்பேன். 25 டொலருக்கு மேல் போகும் ஜப்பானிய இரைகளும் ஏமாற்று இல்லை. தொலைவுக்கு வீச உள்ளே நகரும் எடைக் குண்டும், நிறுத்தினால் நின்ற ஆழத்திலேயே மிதக்கும் துல்லியமும் அவற்றில் இருக்கின்றன. குளிர்ந்த நீரில் கரையிலிருந்து வீசி, நிறுத்தி நிறுத்தி இழுப்பவருக்கு அது உதவும். படகில் இடைவிடாமல் இழுத்துக்கொண்டு போகிற நமக்கு அந்தக் குண்டு எதற்கு?

செதில் வேலைப்பாட்டைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் என்னிடம் விற்றதே அதுதான். வால்ஐயின் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பியடிக்கும் படலம் இருக்கிறது. அந்தியிலும் கலங்கிய நீரிலும் மற்ற மீன்கள் தடுமாறும்போது இது வேட்டையாடும். அந்த அரையிருட்டில், இருபதடி ஆழத்தில், அசைவும் உருவமும் அடர்ந்த நிறமும்தான் அதற்குப் படும். ஒவ்வொரு செதிலுக்கும் நிழல் வைத்த தூரிகை வேலையை ரசிப்பவர் கடையில் காசோடு நிற்கும் நாம்தான். தவிரவும் குவின்டேயின் அடியில் சீப்ரா மட்டி ஒட்டிய கற்கள் நூலை அறுத்துவிடும். இரை தொலையாமல் ஒரு பருவம் முடிவது அபூர்வம். 34 டொலர் இரையைப் போட்டுவிட்டு, அடியில் இடிக்குமோ என்று பயந்து மீனுக்கு மேலாகவே இழுத்துக்கொண்டிருப்பதில் என்ன பலன்?

வாங்குமுன் நேர் எதிரே பிடித்துப் பாருங்கள்: நாக்கு, நூல் வளையம், வயிற்று முள் மாட்டும் வளையம் மூன்றும் ஒரே கோட்டில் வரவேண்டும். மரம் என்று சொன்னால் ரசீதில் மரம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். ஆறு ஏழு சேர்த்து எடுத்தால் விலைக்கழிவு என்பதற்கு மயங்காமல் ஒன்றை மட்டும் எடுத்து நீரில் ஓடவிட்டுப் பாருங்கள்.

ஏற்கெனவே இப்படி வாங்கியவர்கள் ரசீதை எறிந்துவிடாதீர்கள். ஒன்றைச் சுரண்டி, ஒட்டுக் கோடு தெரியப் படம் எடுத்துக் கடனட்டை நிறுவனத்துக்கு அனுப்புங்கள். என் முறைப்பாட்டுக்கு அவர்கள் முதலில் கேட்டதே அந்தப் படத்தைத்தான். இன்னும் விசாரணையில் இருக்கிறது.