மதகு ஷட்டரைத் தூக்க செயினா, பெல்ட்டா?

கும்பகோணம் பக்கம் வாய்க்கால் மதகு வேலை என்றால் இந்த வாக்குவாதம் இல்லாமல் கிரேன் கிளம்பாது. இரும்பு ஷட்டருக்கு என் ஓட்டு செயினுக்குத்தான். பெல்ட் என்பது பாரம் தூக்கும் துணிப்பட்டை; கூரான விளிம்பில் அது கத்தி பட்டதுபோல அறுந்துவிடும்.

அதற்காக டிராக்டர் இழுத்த செயினைக் கொண்டுவந்து மாட்டக் கூடாது. பாரம் தூக்கும் தரத்தைக் காட்டும் 8 அல்லது 80 என்ற முத்திரை கண்ணியில் இருக்கிறதா பாருங்கள். டெல்டா களிமண் கண்ணிகளுக்குள் அப்பிக்கொள்ளும். கழுவாமல் பார்ப்பது பார்க்காததற்குச் சமம். கழுவியபின் ஒவ்வொரு கண்ணியாக விரலால் தடவுங்கள். 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள கண்ணி 9-க்குக் கீழே தேய்ந்திருந்தால் ஓரங்கட்டுங்கள். நீளத்தைக் குறைக்க முடிச்சுப் போடுவதும், அறுந்த இடத்தில் போல்ட் மாட்டுவதும் கூடவே கூடாது.

ஒரே வளையத்திலிருந்து இரண்டாகப் பிரிந்து தொங்கும் இரண்டு கால் செயினில் கோணம்தான் ஆளை ஏமாற்றும். கால்களுக்கு இடையே 120 டிகிரி விரிந்தால் ஒவ்வொரு காலிலும் முழு எடையும் ஏறும். 60-க்குள் நிறுத்தினால் நிம்மதி.

சரி, பெல்ட்? கிரானைட் தூண், பெயின்ட் அடித்த பைப் என்றால் அதுதான். கீறாது, தோளில் போட்டு நடக்கலாம். எவ்வளவு தூக்கும் என்பதை பெல்ட்டின் நிறமே சொல்லும்: ஊதா 1 டன், பச்சை 2, மஞ்சள் 3. வெல்டிங் பொறி பட்டாலோ லேபிள் கிழிந்தாலோ அதோடு சரி.