ஏழு வருடமாக என் வண்டிக்கு நானே பானா பிடிக்கிறேன்

குன்னத்தூர் பக்கம் வீடு, திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. போக வர தினமும் ஐம்பது கிலோமீட்டர் ஆகிவிடும். வண்டி 2009 ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர், அப்பா ஓட்டியது. 2018-இல் என் கைக்கு வந்தது. அடுத்த சில மாதங்களிலேயே ஆயில் மாற்றுவது, செயின் இறுக்குவது, பிளக், கேபிள், பிரேக் ஷூ எல்லாம் வாசலில் வைத்து நானே செய்ய ஆரம்பித்தேன். ஏழு வருடத்தில் எந்தக் கருவி உழைத்தது, எந்த இடத்தில் அடிபட்டேன் என்பதை எழுதுகிறேன். புதிதாகப் பானா பிடிக்க நினைக்கிறவர்களுக்கு உதவும்.

முதல் பாடம் ஆயில் மாற்றும்போது கிடைத்தது. அதற்கு முந்தைய தடவை வண்டியை ஒரு பட்டறையில் விட்டிருந்தோம். அங்கே அடியிலிருக்கும் வடிகால் போல்ட்டை யாரோ வெறிகொண்டு முறுக்கியிருந்தார்கள். நான் அட்ஜஸ்டபிள் ஸ்பேனரை மாட்டி இழுத்தேன். முதலில் போல்ட்டின் முனைகள் மழுங்கின. அப்புறம் ஒரு வழியாகச் சுற்றி வெளியே வந்தது. மரையைப் பார்த்தால், வெள்ளிக் கம்பி போல அலுமினியம் சுருள் சுருளாக ஒட்டியிருந்தது. இன்ஜின் அடிப்பாகத்தின் மரை போல்ட்டோடு சேர்ந்தே வந்துவிட்டது.

லேத் பட்டறை வைத்திருந்த மாமா ஒருவர்தான் அதற்குப் புது மரை போட்டுக் கொடுத்தார். போல்ட்டைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "கண்ணு, இரும்பும் அலுமினியமும் சண்டை போட்டா அலுமினியந்தான் தோக்கும். வாஷர் உக்காந்தப்புறம் எதுக்கு அத்தனை முறுக்கோணும்?" என்றார். வண்டி வேலையில் கழற்றுவதை விட இறுக்குவதுதான் பெரிய வேலை என்று அன்றைக்குப் புரிந்தது. இன்றைக்கும் என் கருத்து அதுதான்.

அன்றோடு அட்ஜஸ்டபிள் ஸ்பேனரைத் தொடுவதை விட்டேன். தபாரியா ரிங் ஸ்பேனர் செட் ஒன்று வாங்கினேன், இன்றுவரை ஒரு முனைகூடத் தேயவில்லை. இறுகிப்போன நட்டுக்குப் பன்னிரண்டு முனை வளையம் நம்பிக்கையில்லை, ஆறு முனை பாக்ஸ் ஸ்பேனர்தான் சரி. அது நட்டின் தட்டையான பக்கத்தைப் பிடிக்கும், முனையை அரிக்காது. அந்த வடிகால் போல்ட்டின் தலை 17 மில்லிமீட்டர். அதற்கென்றே ஆறு முனை பாக்ஸ் ஒன்று தனியாக வைத்திருக்கிறேன்.

டார்க் ரெஞ்ச், அதாவது எவ்வளவு முறுக்க வேண்டும் என்று அளவு வைத்து இறுக்கும் கருவி, அதை வாங்கியதில் ஒரு தவறு செய்தேன். கடையில் பெரியதாக, கனமாக இருந்த அரை அங்குல ரெஞ்சைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிவிட்டேன். முறுக்கும் பலத்தை நியூட்டன் மீட்டரில் சொல்வார்கள், அதன் அளவு 28-இல்தான் தொடங்குகிறது. வடிகால் போல்ட்டுக்கு வேண்டியதே 25-ஐ ஒட்டித்தான். ஆக எந்தப் போல்ட்டை நினைத்து வாங்கினேனோ அதற்கே அது ஆகவில்லை. பின்னால் 10-லிருந்து 60 வரை போகும் சின்னதை வாங்கினேன். மூவாயிரத்துக்குச் சற்று மேல் ஆனது. 'டிக்' என்று சத்தம் வந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். வேலை முடிந்ததும் அளவை அதிலிருக்கும் மிகக் குறைந்த கோட்டுக்குத் திருப்பி வைத்தால்தான் உள்ளே ஸ்பிரிங் தளராது. அதை வைத்து நட்டைக் கழற்றக் கூடாது. பிளக்குக்கு ரெஞ்சே வேண்டியதில்லை. கையாலேயே மரையில் ஏற்றி, வாஷர் படிந்ததும் புதுப் பிளக் என்றால் அரைச் சுற்று, பழைய பிளக்கையே திரும்பப் போட்டால் எட்டில் ஒரு பங்கு சுற்று, அவ்வளவுதான். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு செய்யுங்கள்.

திருப்புளியையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பான் வழி வந்த வண்டிகளின் கூட்டல் குறித் திருகுகளுக்குச் சாதாரண பிலிப்ஸ் முனை அடிவரை உட்காராது. கொஞ்சம் பலம் கொடுத்தால் மேலே ஏறி நழுவி, பள்ளத்தை வழித்துவிடும். ஜப்பான் தர அளவில் செய்த ஜே.ஐ.எஸ் முனை என்று கேட்டு வாங்க வேண்டும். கார்புரேட்டர் கிண்ணத்தின் திருகுகள் இரண்டை வழித்த பிறகுதான் இது எனக்குத் தெரிந்தது.

இனி செயின். அதிகம் கவனம் வேண்டிய இடம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 2020-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, செயின் கவரைக் கழற்றி, வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, இன்ஜினை ஓடவிட்டு, முதல் கியரில் சக்கரம் சுற்ற, பனியன் வேஸ்ட்டால் செயினைத் துடைத்தேன். நிறையப் பேர் அப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊரில் பனியன் வேஸ்ட்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அது பின்னல் துணி. நூல் பல்லில் மாட்டினால் கிழியாது, நீண்டுகொண்டே உள்ளே போகும். துணியோடு ஆள்காட்டி விரலும் ஸ்பிராக்கெட் என்கிற பல்சக்கரத்தின் பக்கம் போனது. நகம் பிளந்ததோடு தப்பினேன், விரலே போயிருக்க வேண்டியது. இப்போது செயினைத் தொடுவதற்கு முன்னால் இன்ஜினை நிறுத்தி, சாவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிடுகிறேன். வண்டி நியூட்ரலில் இருக்கும், சக்கரத்தைக் கையால்தான் சுற்றுவேன். மண்ணெண்ணெயில் பழைய பிரஷ்ஷை நனைத்துத் தேய்த்து, துடைத்து, 90 கிரேடு கியர் ஆயில் விடுகிறேன். பெட்ரோலால் செயின் கழுவுவதை யார் செய்தாலும் தடுத்துவிடுங்கள்.

இறுக்கும்போது ஒரே இடத்தில் பார்த்தால் போதாது. செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. கவரில் இருக்கும் ரப்பர் மூடியைக் கழற்றி, விரலால் செயினை மேலும் கீழும் அசைத்து, சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி நாலைந்து இடத்தில் பார்க்கிறேன். எங்கே அதிக இறுக்கமோ அங்கே வைத்துத்தான் 20-லிருந்து 30 மில்லிமீட்டர் தளர்வு வைக்கிறேன். அச்சு நட்டோடு ஸ்பிராக்கெட் பக்கம் இருக்கும் ஸ்லீவ் நட்டையும் தளர்த்த வேண்டும், மறந்தால் அட்ஜஸ்டர்தான் வளையும். இரண்டு பக்கமும் அட்ஜஸ்டரின் அளவுக் கோடுகள் ஒரே எண்ணிக்கையில் இருக்க வேண்டும்.

பலர் விட்டுவிடுவது இதற்கு அடுத்த வேலை. சக்கரம் பின்னால் நகர்ந்ததும் பின் பிரேக்கின் தளர்வு குறைந்துவிடும். அப்படியே ஓட்டினால் ஷூ டிரம்மை உரசிக்கொண்டே வரும். ஒருநாள் கம்பெனி வாசலில் இறங்கி டிரம் பக்கம் கையைக் கொண்டு போனேன், அனல் அடித்தது. அன்றிலிருந்து செயின் இறுக்கினால் பிரேக் கம்பியின் நட்டையும் கையோடு சரிசெய்து, சக்கரம் உரசாமல் சுற்றுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். சக்கரத்தையே கழற்றியிருந்தால் பிரேக் பிளேட்டைப் பிடித்திருக்கும் நீளப் பட்டையின் நட்டையும் அது கழலாமல் பிடிக்கும் ஊசியையும் இரண்டு தடவை பாருங்கள். அது கழன்றால் பிரேக் அடித்ததும் பிளேட் சுற்றிக்கொள்ளும், ஓடுகிற சக்கரம் பூட்டிக்கொள்ளும். நான் புது ஊசிதான் போடுகிறேன். சில ரூபாய்தான்.

டிரம்மைத் திறந்தால் உள்ளே இருக்கும் தூசியை ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். அது நுரையீரலுக்குப் போகிற சாமான். பேட்டரி கழற்றினால் முதலில் நெகடிவ், மாட்டும்போது கடைசியில் நெகடிவ். பழைய ஆயிலைக் கேனில் சேர்த்து, பட்டறையில் எடுக்கிற டிரம்மில் ஊற்றிவிடுகிறேன். கிணற்றுத் தண்ணீர் குடிக்கிற ஊரில் அதை மண்ணில் ஊற்ற மனசு வராது.

நான் தொடாத வேலைகளும் உண்டு. கிளட்ச் பிளேட், டைமிங் செயின், முன் ஃபோர்க், ஸ்டீயரிங் பேரிங் எல்லாம் மெக்கானிக் அண்ணனிடம்தான். கொடுக்கும்போது வடிகால் போல்ட்டை மட்டும் தொட வேண்டாம், ஆயிலை நானே மாற்றிக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுவேன். லேத் மாமா போட்ட மரை இன்னும் அப்படியே இருக்கிறது.