கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு

முப்பத்தோரு ஆண்டுகள் அலமாரி செய்து பிழைத்தவன் நான். யார் வீட்டுக்குப் போனாலும் ஓர் இழுப்பறையையாவது இழுத்துப் பார்க்காமல் கை அடங்காது. காருக்குப் பின்னால் பூட்டி இழுத்துப் போகும் வீட்டு வண்டிகளான பழைய கேரவன்களும் அவற்றின் சிறு மாதிரிகளும் உள்ள அருங்காட்சியகம் ஒன்றுக்குப் போகலாம் என்று மகள் சொன்னதும், பேத்தியையும் அழைத்துக்கொண்டு முதல் ஆளாகக் கிளம்பினேன். உள்ளே நுழைந்ததும் கண்ணில் பட்டது வண்டி அல்ல. ஒவ்வொரு வண்டியின் வாசலுக்கும் குறுக்கே கட்டியிருந்த தடித்த சிவப்புக் கயிறு.

பெரிய கூடத்தில் வண்டிகளை ஆண்டு வரிசைப்படி நிறுத்தியிருக்கிறார்கள். மெருகு கண்ணைப் பறிக்கிறது. எனக்குப் பிடித்தது ஓரத்தில் ஒதுங்கி நின்ற டியர்டிராப். நீர்த்துளியைக் கிடையாகப் படுக்க வைத்தது போன்ற உருவம். நான்கடி அகலம், எட்டடி நீளம். அதாவது ஒரு முழு ஒட்டுப்பலகையின் அளவு. பலகை வீணாகாமல் வெட்டத் தெரிந்த ஒருவன்தான் இதை நினைத்திருக்க முடியும். உள்ளே படுக்கை மட்டும். பின்பக்க மூடியைத் தூக்கினால் சமையலறை. சமைப்பவர் வெளியே நின்றுதான் சமைக்க வேண்டும். மழை பெய்தால் என்ன செய்வார்கள் என்று பேத்தி கேட்டாள். நனைவார்கள் என்றேன்.

அடுத்தது அமெரிக்காவின் ஏர்ஸ்ட்ரீம் நிறுவனம் செய்த கிளிப்பர், 1936. அலுமினியத் தகடுகளை ரிவெட் என்னும் தறையாணி அடித்துச் சேர்த்த உடம்பு. எல்லோரும் அதன் முன்னால் நின்றுதான் படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அது ஏன் அப்படி இருக்கிறது என்று விளக்க அட்டையில் ஒரு வரிகூட இல்லை. நீளம், ஆண்டு, முந்தைய உரிமையாளர் தந்த விவரம், அவ்வளவுதான். எடை எவ்வளவு, சுவர் எத்தனை மில்லிமீட்டர், கூரை மூட்டில் தண்ணீர் இறங்காமல் என்ன செய்தார்கள்? மரச்சட்டம் வைத்த கேரவன்களைக் கொல்வது அந்த மூட்டுதான். அதைப் பற்றிப் பேசாமல் திரைச்சீலையின் பூவேலையைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தார்கள்.

பதில் கிடைத்தது மாடியில், சிறு மாதிரிகள் அறையில். கூட்டமே இல்லை. அங்கே ஒரு சாண் நீளத்தில் போலஸ் ரோட் சீஃப் இருந்தது. 1934-இல் ஹாலி போலஸ் செய்த வண்டியின் மாதிரி. அவர் கிளைடர் என்னும் எஞ்சின் இல்லாத விமானம் கட்டியவர். விமானி லிண்ட்பெர்க் அட்லாண்டிக் கடலைத் தாண்டிய விமானம் உருவான பட்டறையிலும் பொறுப்பில் இருந்தவர். காற்றைக் கிழிக்கும் உருவமும் அலுமினியத் தோலும் அங்கிருந்து வந்தவை. ஆனால் கதவை வண்டியின் மூக்கிலேயே வைத்துவிட்டார். காரோடு பூட்டும் இழுவைக் கம்பியைத் தாண்டித்தான் உள்ளே ஏற வேண்டும். ஏர்ஸ்ட்ரீமை நிறுவிய வாலி பையாம் அந்த உருவத்தை எடுத்துக்கொண்டு கதவைப் பக்கவாட்டுக்கு மாற்றினார். அதுதான் கீழே நின்ற கிளிப்பர்.

பக்கத்துப் பெட்டியில் ஜெர்மனியின் எரிபா கேரவன். எரிக் பாகெம் என்ற பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்தது அந்தப் பெயர். அவரும் விமானக்காரர், போர்க்காலத்தில் ராக்கெட் விமானம் வடிவமைத்தவர். 1957-இல் எர்வின் ஹைமரோடு சேர்ந்து கேரவனில் இறங்கினார். மாதிரியில் ஒரு பக்கத் தகட்டை நீக்கிக் குழாய்ச் சட்டத்தைக் காட்டியிருக்கிறார்கள். இறக்கையில்லாத விமானம் என்றே தோன்றியது. கீழே மூன்று முறை சுற்றி வந்தும் புரியாதது இங்கே மூன்று நிமிடத்தில் புரிந்தது.

பொம்மை வண்டிகளும் நிறைய. டிங்கி என்ற பொம்மை நிறுவனத்தின் கேரவன் ஒன்றுக்குக் கூரையை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் வைத்திருக்கிறார்கள். மேலிருந்து கட்டிலும் மேசையும் தெரிகின்றன. அசலைக் கயிற்றால் மூடுகிறார்கள், பொம்மையைத் திறந்து காட்டுகிறார்கள்! இவை பெரும்பாலும் அசலில் 43-இல் ஒரு பங்கு. ஏன் இந்த விநோத எண் என்று வெகுநாள் யோசித்திருக்கிறேன். ஓ (O) எனப்படும் அளவிலான பொம்மை ரயிலில், அசலின் ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர் கணக்கு. ஓர் அடியின் 305 மில்லிமீட்டரை ஏழால் வகுத்தால் 43 சொச்சம். ரயிலுக்குப் பக்கத்தில் நிறுத்தப் பிறந்த கார்கள் அதே கணக்கில் வந்துவிட்டன.

ஒரு குறை. இந்த அலமாரிகள் பெரியவர்களின் கண் உயரத்தில் இருக்கின்றன. பொம்மை பார்க்க வந்த குழந்தைக்குத் தெரிவது அலமாரியின் அடிப்பலகை. ஆறு வயதுக்காரியை நாற்பது நிமிடம் தூக்கிக்கொண்டு நின்ற தோளுக்குத்தான் அந்த வலி தெரியும். உட்கார ஒரு பெஞ்சும் இல்லை.

திரும்பும்போது கூடத்துக் காவலர், நான் கயிற்றின் மேல் சாய்ந்து உள்ளே எட்டிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். கையை நீட்டி ஒரே ஓர் இழுப்பறையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். இழுத்தேன், வரவில்லை. சற்றுத் தூக்கி இழுத்தேன், வந்தது. வளைவில் வண்டி சாயும்போது தானாக வெளியே ஓடாதபடி அடியில் சிறு வெட்டு. மூட்டும் சுத்தம்.

போகிறவர்கள் முதலில் மாடிக்குப் போங்கள், பிறகு கூடம். மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். வாசல் கடையில் பேத்திக்காக ஒரு சிறிய கேரவனை எடுத்தேன். கதவு வெறும் கோடாக வரைந்திருந்தது, திறக்கவில்லை. "வேண்டாம் தாத்தா, நீங்களே செய்து கொடுங்கள்" என்றாள். திரும்ப வைத்துவிட்டேன்.