பென்டாக்ஸ் கே1000: பத்து வருஷம், மூன்று மூடி

ஆபீஸில் ஒரு தம்பி கேட்டான்: "அண்ணே, பழைய கே1000 ஃபிலிம் கேமரா ஒண்ணு விலைக்கு வருது, வாங்கலாமா?" மும்பை ஃபோர்ட்டில் என் கே1000இன் மீட்டர் ரிப்பேருக்கு 2,200 ரூபாய் அழுதுவிட்டு வந்த மறுநாள். கேட்ட நேரம் சரியில்லை.

இந்தக் கேமராவில் வெளிச்சத்தை அளந்து முள்ளில் காட்டும் லைட் மீட்டருக்கு சுவிட்ச் கிடையாது. லென்ஸ் மூடிதான் சுவிட்ச். மூடாமல் வெளிச்சத்தில் வைத்தால் பட்டன் செல்லைக் குடித்துக்கொண்டே இருக்கும். 1976 முதல் 1997 வரை தயாரித்தார்கள்; ஒரு சுவிட்ச் வைக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை! மற்றபடி குறையில்லை. இரும்புக் குண்டு.

மூன்றாவது மூடியை கர்ஜத்துக்கும் லோனாவாலாவுக்கும் நடுவே, நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் ஜன்னல் வழியாகப் பறிகொடுத்தேன். ஆச்சி காரியத்துக்கு ஊருக்குப் போன பயணம். ஏற்கெனவே இழுத்துக்கொண்டிருந்த செல், ஊர் போய்ச் சேருமுன் போய்விட்டது. வ்யூஃபைண்டரில் முள் அசையவே இல்லை. நல்லவேளை, இதில் ஷட்டருக்கு செல் வேண்டாம். வெளிச்சத்தை மட்டும் நானே கணிக்க வேண்டும். 400 வேக ஃபிலிமுக்கு நேர்வெயிலில் லென்ஸ் துவாரம் எஃப் 16, ஷட்டர் 1/500 நொடி. மர நிழலில் எஃப் 5.6. ஆச்சி வீட்டுத் திண்ணையில் என்ன வைப்பது? வாசல் வெயில் சுவரில் பட்டு எவ்வளவு உள்ளே வருகிறது என்று பார்த்துக்கொண்டே நின்றேன். "துஷ்டி வீட்ல என்னலே வேடிக்கை?" என்று மாமா அதட்டினார்.

மாட்டுங்கா திரும்பி அந்த ரோலைக் கழுவினேன். இங்கே குழாய்த் தண்ணீரை 20 டிகிரிக்கு இறக்க ஐஸ் வேண்டும். ஃபிரிட்ஜில் டெவலப்பர் பாட்டிலைக் கண்டாலே அம்மா தோசை மாவை வேறு தட்டுக்கு மாற்றிவிடுவாள். 36இல் 11 தேறவில்லை. ஆனால் தேறாதவை உட்பட ஒவ்வொன்றின் வெயிலும் எனக்குத் தெரியும். கிணற்றடியில் அது எந்தப் பக்கமிருந்து விழுந்தது, திண்ணைத் தூணில் எந்த உயரத்தில் நின்றது எல்லாம். மீட்டர் ஒழுங்காக வேலை செய்த ரோல்களில் எக்ஸ்போஷர் கச்சிதம். ஆனால் எந்த ஊர், எந்த மத்தியானம் என்று நெகட்டிவ் உறையில் எழுதியதைப் பார்த்துத்தான் சொல்வேன். அப்போதெல்லாம் நான் பார்த்தது முள்ளை.

இவ்வளவும் தம்பியிடம் சொல்லிவிட்டு, "வாங்காதே. மூடி தேடியே ஆயுசு போயிடும். மீட்டர் செத்தது ஏதாவது கிடைச்சா மட்டும் பேரம் பேசி வாங்கு" என்றேன்.

"அப்போ நீங்க ஏண்ணே 2,200 குடுத்து ரிப்பேர் பண்ணீங்க?"

டீ ஆறுதுடா, குடி என்றேன்.