ஃப்ரீஸ் பிளக்: ஸ்டீலா, பித்தளையா, ஸ்டெயின்லெஸ்ஸா, ரப்பரா?

இன்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் சின்னக் கிண்ணம் போலக் குழிந்து தெரிகிறதே, அதுதான் ஃப்ரீஸ் பிளக். தண்ணீர் உறைந்தால் பிளாக்கைக் காப்பாற்ற வைத்தது என்று பெயர் சொல்கிறது, பெயர் பொய். பிளாக்கை வார்க்கும்போது உள்ளே இருந்த மணல் அச்சைத் தாங்கவும், பிறகு மணலை வெளியே கொட்டவும் விட்ட ஓட்டைக்கு மூடி, அவ்வளவுதான். உறையும் தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரியும். அப்போது பிளக் பிதுங்கலாம், பிளாக்கே வெடிக்கவும் செய்யலாம்.

பிளக் உள்ளிருந்துதான் அரிக்கும். இன்ஜினைக் குளிர்விக்க பிளாக்குக்குள் ஓடும் திரவமான கூலன்ட்டின் துருத்தடுப்புச் சத்து தீர்ந்ததும், பிளாக்கை விட மெல்லிய இந்தத் தகடு முதலில் ஓட்டையாகும். வெளியே பெயின்ட் அப்படியே இருக்கும். அடியில் காய்ந்த கறை கோடு கோடாக இறங்கியிருக்கும்.

கம்பெனியில் பெரும்பாலும் போடுவது மைல்ட் ஸ்டீல் கப். மலிவு, கெட்டி, அடித்து ஏற்றுவது எளிது. கூலன்ட்டைக் காலத்தில் மாற்றினால் பல வருடம் தாங்கும். வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றுகிற வண்டியில் தாங்காது.

பித்தளை துருப்பிடிக்காது. மிருதுவானதால் ஓட்டையின் சிறு கோணல்களுக்கும் ஒத்துப்போகும். சூட்டில் வார்ப்பிரும்பை விட அதிகம் விரிவதால் பிடியும் இறுகும். ஆகவே இரும்பு பிளாக்குக்கு எங்கள் ஓட்டு பித்தளைக்கே. அலுமினிய பிளாக்கில் கதை வேறு: பித்தளையும் அலுமினியமும் ஒரே கூலன்ட்டில் நனைந்தால், சத்து தீர்ந்த பிறகு அரிபடுவது அலுமினியம். பிளக்கைக் காப்பாற்றி பிளாக்கை இழப்பதா? அங்கே கம்பெனி போட்ட வகையையே போடுங்கள்.

ஸ்டெயின்லெஸ் அரிப்புக்கு நன்றாக நிற்கும். ஆனால் வளைந்து கொடுக்காது. ஓட்டையில் பள்ளமோ கீறலோ இருந்தால் அந்த வழியே கசியும். ஓட்டை கண்ணாடி மாதிரி இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

நடுவில் போல்ட் உள்ள ரப்பர் பிளக், சுத்தியல் வீச இடமில்லாத மூலைக்கு. நட்டை இறுக்க ரப்பர் பிதுங்கி அடைத்துக்கொள்ளும். சூட்டில் ரப்பர் கெட்டியாகிச் சுருங்குவதால் இதைத் தற்காலிகம் என்றே வையுங்கள். கசிவை நிறுத்தும் பொடி அதை விட மோசம்: ரேடியேட்டரையும் ஹீட்டரையும் சேர்த்தே அடைக்கும்.

வெல்ஷ் பிளக் என்ற வளைந்த வட்டத் தகடு தனி இனம். ஓட்டைக்குள் படி வெட்டியிருந்தால்தான் உட்காரும். குவிந்த பக்கம் வெளியே இருக்க, நடுவில் அடித்துத் தட்டையாக்கினால் விளிம்பு விரிந்து பிடிக்கும். உள்பக்கமாகக் குழியும் வரை அடித்தால் பிடி போய்விடும்.

எந்த உலோகமானாலும் ஏற்றும் விதம்தான் ஆயுளைத் தீர்மானிக்கிறது. இன்ஜின் ஆறிய பிறகு கூலன்ட்டை வடியுங்கள். பழைய கப்பின் ஒரு ஓரத்தை மழுங்கிய உளியால் தட்டினால் அது ஓட்டைக்குள்ளேயே திரும்பி, எதிர் ஓரம் வெளியே எட்டிப் பார்க்கும். குறடால் பிடித்து இழுங்கள். பலமாக அடித்தால் பிளக் உள்ளே விழுந்து சிலிண்டர் சுவரோடு சிக்கும். ஓட்டையை எமரியால் துருப்போகத் துடைத்து, வெர்னியரில் அளந்தே பிளக் வாங்குங்கள். இறுகிக் கல்லாகாத சீலன்ட்டை (கசிவடைக்கும் பசை) மெல்லப் பூசி, கப்பின் உள்ளே தாராளமாக நுழையும் ஸ்பானர் சாக்கெட்டை வைத்து நேராக அடியுங்கள். விளிம்பில் அடி படக்கூடாது. அடைப்பதே அந்த விளிம்புதான். ஓட்டை வாயின் சரிவு முடிந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உள்ளே போனதும் நிறுத்துங்கள்.

சீலன்ட் காய்ந்த பிறகு கூலன்ட் நிரப்பிக் காற்றை எடுத்து, ரேடியேட்டர் மூடியில் குறித்த அழுத்தத்துக்கு, அழுத்தம் காட்டும் முள்ளுள்ள பிரஷர் டெஸ்டரால் பம்ப் செய்து கால் மணி நேரம் பாருங்கள். முள் இறங்கக்கூடாது.

ஒன்று ஓட்டையானால் மற்றவையும் அதே வயசுதான். கை எட்டுவதையெல்லாம் சேர்த்தே மாற்றுங்கள். கியர்பாக்ஸுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பிளக்குக்கு நல்ல நேரம், கிளட்ச் வேலைக்காக கியர்பாக்ஸ் இறங்கும் நாள்.