பால்பல் சொத்தை: வெள்ளி மருந்தா, சிமென்ட்டா, ஸ்டீல் கேப்பா?

பால்பல் எப்படியும் விழத்தானே போகிறது என்பார்கள். ஆனால் 4 வயதுக் குழந்தையின் இரண்டாம் கடைவாய்ப் பால்பல் விழ 10 முதல் 12 வயது ஆகும். அதுவரை அந்தப் பல்லால்தான் மெல்ல வேண்டும்.

அழுது முரண்டு பிடிக்கும் குழந்தைக்கு முதலில் வெள்ளி மருந்து (38% சில்வர் டைஅமைன் ஃப்ளோரைடு) நல்லது. ஊசியும் வேண்டாம், டிரில்லும் வேண்டாம். பல்லைப் பஞ்சால் உலர்த்திக் குழியில் தொட்டு வைத்து 1 நிமிடம் ஊறவிட்டால் போதும். வெள்ளி கிருமியைக் கொல்லும், ஃப்ளோரைடு மெலிந்த பல்லை இறுக்கும். சொத்தைப் பகுதி மட்டும் நிரந்தரமாகக் கறுத்துவிடும். முன்பல் என்றால் பெற்றோரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். குழி அப்படியே இருப்பதால் சோறு மாட்டும். 6 மாதத்துக்கு ஒருமுறை மறுபடி தடவாவிட்டால் சொத்தை திரும்பவும் பரவத் தொடங்கலாம்.

குழியை அடைக்கும் கிளாஸ் அயனோமர் சிமென்ட், மெல்லும் பரப்பில் ஒரே ஒரு குழி இருந்தால் நன்றாக நிற்கும். இரண்டு கடைவாய்ப் பற்களுக்கு நடுவே உள்ள சொத்தையில் அடிக்கடி உடைந்து கழன்றுவிடும். அங்கே பிடிமானம் குறைவு, கடிக்கும் அழுத்தமோ அதிகம். அடைக்கும்போது எச்சில் பட்டாலும் சரியாக ஒட்டாது.

அத்தகைய பக்கச் சொத்தைக்கு எங்கள் தேர்வு ஸ்டீல் கேப்தான். ஸ்காட்லாந்தின் பல் மருத்துவர் நோர்னா ஹால் கையாண்ட முறையில் சொத்தையைச் சுரண்டுவதே இல்லை. பற்கள் நெருக்கமாக இருந்தால் 3 முதல் 5 நாள் முன்பு நடுவில் ரப்பர் வளையம் போட்டு இடம் உண்டாக்குவார்கள். அளவான கேப்பில் சிமென்ட் நிரப்பிப் பல்லின் மேல் அழுத்துவார்கள். உள்ளே அடைபட்ட கிருமிக்குச் சர்க்கரை கிடைக்காததால் சொத்தை நின்றுபோகும். கடி கொஞ்சம் உயரமாகத் தெரியும். சில வாரத்தில் சரியாகும். கேப் போடும்போது கைநழுவினால் தொண்டைக்குள் போய்விடும், ஆகவே குழந்தையைச் சற்று நிமிர்த்தி உட்காரவைத்து, வாய்க்குள் துணி மறைப்பும் வைக்க வேண்டும். நிக்கல் ஒவ்வாமை இருந்தால் இது ஆகாது.

தூக்கத்தைக் கெடுக்கும் வலியோ ஈறில் சீழ்க் கொப்புளமோ இருந்தால் இம்மூன்றும் பயன்படாது. எக்ஸ்ரே பார்த்து வேர் சிகிச்சை செய்யலாம், இல்லையென்றால் பிடுங்கலாம். இரண்டாம் கடைவாய்ப் பால்பல்லைச் சீக்கிரமே பிடுங்கினால், 6 வயதில் முளைக்கும் நிரந்தரப் பல் முன்னால் சாய்ந்து அடுத்த பல்லின் இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த இடத்தைக் காக்கக் கம்பி வளையம் போட நேரும்.

எதைச் செய்தாலும், தூங்கும்போது பால்புட்டி தொடர்ந்தால் அடுத்த பல் சொத்தையாகும். இரவில் 1000 பிபிஎம் ஃப்ளோரைடு பேஸ்ட்: 3 வயதுக்குள் அரிசி அளவு, 3 முதல் 6 வயதுவரை பட்டாணி அளவு. தேய்த்துவிட வேண்டியது பெரியவர்கள்.